உடைத்தது என் வலது கை

செங்கடலுக்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை உடைத்தவன் நான். அந்தப் பழியை இன்னொருவன் சுமக்கட்டும் என்று விட்டவனும் நான்தான்.

கப்பலின் பெயர் திஸல்கோர்ம். இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் 1940-இல் கட்டிய சரக்குக் கப்பல். வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் படைக்காக லாரி, மோட்டார் சைக்கிள், துப்பாக்கி, ரப்பர் பூட்ஸ், இரண்டு ரயில் எஞ்சின் என ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தது. சூயஸுக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததால், எகிப்தின் ஷாப் அலி பவளத்திட்டு ஓரமாக நங்கூரமிட்டுக் காத்திருந்தது. 1941 அக்டோபர் 6, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜெர்மன் விமானம் குண்டு போட்டது. உள்ளிருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்து, கப்பல் மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் அந்தச் சிதைவைப் பார்க்க முக்குளித்து இறங்கினேன். வழிகாட்டியும் படகிலேயே சொல்லிவிட்டார்: எதையும் தொடாதீர்கள், எண்பது வருடம் உப்பில் ஊறிய இரும்பு அது.

சரக்கறைக்குள் டார்ச் அடித்தேன். லாரிகள், அவற்றின் முதுகில் வரிசையாக பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள். அப்பாவின் பழைய புல்லட் கண்முன் வந்து நின்றது. கூட வந்தவர் முன்னால் போய்விட்டார். இடது கையில் கேமரா. வலது கையால் கைப்பிடியைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். அடுத்த நொடி, அது ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது. சத்தமே இல்லை. துரு புகைபோல எழுந்தது. துண்டைச் சக்கரங்களுக்கு நடுவே வண்டலில் செருகிவிட்டு நகர்ந்தேன்.

புது முறிவை வழிகாட்டி பார்த்துவிட்டார். மேலே வந்ததும் யார் என்று கேட்டார். துபாயிலிருந்து சேர்ந்து போன எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தான். மிதப்புச் சரியாக வராமல் அங்கங்கே இடித்துக்கொண்டவன். எல்லார் பார்வையும் அவன்மேல் போயிற்று. “என் கால் துடுப்பு பட்டிருக்கும்ணே, கவனிக்கல” என்று என்னிடம்தான் சொன்னான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மௌனமாக இருந்ததுகூடக் கோழைத்தனம் என்று போகட்டும், தட்டிக் கொடுத்தது துரோகம்.

இரண்டாவது முறை இறங்க அவனுக்கு அனுமதி இல்லை. மேல்தளத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மறுபடி இறங்கினேன். கடல்தரையில் கிடக்கும் ரயில் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தேன். நூறு தடவைக்கு மேல் முங்கியவன் என்ற பெயருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கடலில் இறங்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

கைப்பிடி முழுசாக இருக்கும் அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பலருக்குப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

தம்பி, இது உன் கண்ணில் படவேண்டும். உன் துடுப்பு எதையும் இடிக்கவில்லை. உடைத்தது நான்.