அண்ணா பாடிய படகுப் பாட்டு

சாயங்காலங்களில் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து என் அண்ணா ஒரு பாட்டுப் பாடுவார். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' (1958) படத்தின் படகுப் பாட்டு. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்தது. காவேரியில் தண்ணீர் போகும் நாட்களில் அதன் இழுப்போடு பாட்டும் சேர்ந்துகொள்ளும். முடிந்ததும் யாராவது, "டி. எம். எஸ். பாட்டுதானே?" என்பார்கள். அண்ணாவுக்கு முகம் சுருங்கிவிடும். "லோகநாதன். திருச்சி லோகநாதன். இதோ, அக்கரையிலே பிறந்தவர்" என்று மலைக்கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவார்.

எனக்கு அது அற்ப விஷயமாகப் பட்டது. அப்போதுதான் புதுக்கவிதை படிக்க ஆரம்பித்திருந்தேன். சினிமாப் பாட்டு கேட்பதே ரசனைக் குறைவு என்று தீர்மானித்திருந்தேன்.

1924இல் பிறந்து 1989இல் மறைந்த அந்தப் பாடகரைப் பற்றி இப்போது யோசிக்கிறேன். பின்னணிப் பாட்டு ஒரு விசித்திரமான ஏற்பாடு. குரல் ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது. 'மந்திரி குமாரி'யில் (1950) மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறவனுக்கு லோகநாதனின் குரல், வாய் எஸ். ஏ. நடராஜனுடையது. இசை ஜி. ராமநாதன், கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள பிச்சாண்டார்கோவில்காரர். அந்தக் குரலில் வஞ்சகம் துளியும் இல்லை. அத்தனை இனிமையாக அழைப்பதாலேயே பயமாக இருக்கிறது. 'மாயா பஜார்' (1957) படத்தில் கல்யாண விருந்தைத் தின்று தீர்க்கும் கடோத்கஜனுக்கும் இதே தொண்டைதான். ரங்காராவின் உடம்பளவுக்கு அது பெருத்துவிடுகிறது.

இப்படிப் பாத்திரத்துக்குள் முழுக்கக் கரைந்துபோவது கலைஞனின் வெற்றி. பெயரும் கூடவே கரைந்துபோவது அதற்கு அவன் கொடுக்கும் விலை. 'தூக்குத் தூக்கி' (1954) முதல் சிவாஜியின் குரலாக டி. எம். எஸ். நிலைபெற்ற பிறகு, பழைய ஆண் குரல் எதைக் கேட்டாலும் ஜனங்கள் அவர் பெயரையே சொன்னார்கள்.

அண்ணா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. குமாஸ்தா வேலை, குடும்பம். ஒரு மேடையிலும் ஏறியதில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

சென்ற மாதம் காவேரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. பக்கத்துப் பையனின் செல்போனில் அந்தப் படகுப் பாட்டு. "பாடினது யார், தெரியுமா?" என்றேன். என் குரலில் அண்ணாவின் எரிச்சல் இருந்தது.

"டி. எம். எஸ்.தானே சார்?"

சொன்னேன், ஊர்ப் பெயரையும் சேர்த்து. சத்திரம் நிலையத்தில் இறங்குமுன் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான்.