சுனாமிக்கு மறுநாள் இரவு

மைசூரு

அன்புள்ள கயல்,

மெல்பர்னில் நீ படித்த செய்தி உண்மைதான். பிரபஞ்சத்தில் தங்கம் உருவாகும் இடங்களில் மேக்னடார் என்னும் விண்மீனும் ஒன்று என்று 2025 ஏப்ரலில் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அதற்கான தடயம் 2004லேயே கிடைத்துவிட்டது. இன்னதென்று சரியாகப் புரியாமலே இருபது வருஷம் அது பதிவேட்டில் கிடந்தது. உன் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கவயலைப் பற்றி உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் அங்கே போன கதையும், 2001இல் சுரங்கத்தை மூடிய கதையும் உனக்குத் தெரியும். இது, அந்தத் தங்கம் மண்ணுக்குள் வருவதற்கும் முந்தைய கதை.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. நீ அப்போது பிறக்கவில்லை. நாகப்பட்டினம், கடலூர், இலங்கை என்று சாவுச் செய்தியாகவே வந்துகொண்டிருந்தது. மறுநாள் இரவு, நம் நேரப்படி 28ஆம் தேதி அதிகாலை மூன்று மணி அடித்துச் சில வினாடிகளில், தனுசு ராசித் திசையிலிருந்து ஒரு காமா கதிர் வீச்சு பூமியைத் தாக்கியது. அனுப்பிய விண்மீனின் பெயர் எஸ்.ஜி.ஆர். 1806-20. அது பல்லாயிரம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. முதல் வீச்சு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் நீடித்தது. நம் சூரியன் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வெளியிடும் சக்தி அதற்குள் அடங்கியிருந்தது. இதற்கும் சுனாமிக்கும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. ஆனால் சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் முந்தியது. ஒளியைவிட வேகமாக எதுவும் வந்து கடலடியைக் குலுக்கியிருக்க முடியாது.

மார்கழியில் சூரியன் தனுசில் இருக்கும். அதனால் அன்று அந்த விண்மீனும் வானத்தில் சூரியனுக்கு அருகில்தான் இருந்தது. நமக்கு அதிகாலை மூன்று மணி என்றால் பசிபிக் கடலுக்கு மேலே பகல். அங்கேதான் கதிர் நேராக விழுந்து, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கலைத்தது. நம்மைப் பூமியே மறைத்துக்கொண்டது. பல செயற்கைக்கோள்களின் கருவிகள் தாங்க முடியாமல் திணறின. ரஷ்யாவின் கொரோனாஸ்-எஃப் மட்டும் பூமிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பௌர்ணமி கழிந்து ஒரு நாளே ஆன நிலவில் பட்டுத் திரும்பிய கதிர் அதற்குக் கிடைத்தது. நேராகப் பார்த்து அளக்க முடியாததை அளக்க அந்தப் பிரதிபலிப்பு உதவியது. மைசூரில் அந்நேரம் யாராவது வாசலுக்கு வந்திருந்தால், மேற்கே சாய்ந்துகொண்டிருந்த அதே நிலவைப் பார்த்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட சீற்றம் முதன்முதலில் பிடிபட்டது 1979 மார்ச் 5 அன்று. வெள்ளிக் கிரகத்துக்குப் போயிருந்த சோவியத் விண்கலங்களான வெனேரா 11, 12 இரண்டும் அதைப் பதிவு செய்தன. முதல் அடி ஓய்ந்தபின் எட்டு வினாடிக்கு ஒருமுறை துடிப்பு கேட்டது. ஏதோ ஒன்று சுழல்கிறது என்று தெரிந்ததே தவிர, இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1992இல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் ஒரு விடை சொன்னார்கள். சூரியனைவிட அதிக எடை சுமார் இருபது கிலோமீட்டர் அகலத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் நியூட்ரான் விண்மீன்களில் சிலவற்றுக்குக் காந்தப்புலம் அளவுகடந்து இருக்கும்; அவைதான் மேக்னடார்கள். அந்தக் காந்தச் சக்திதான் வெடித்து வெளிவருகிறது என்றார்கள். பூமியின் காந்தப்புலம் அரை காஸ். இவற்றினுடையது கோடி கோடி காஸுக்கும் மேல். முறுக்கேறும் புலம் விண்மீனின் கெட்டியான மேலோட்டைப் பிளக்கும்போது சீற்றம் கிளம்புகிறது. 1998இல் கிரீஸைச் சேர்ந்த கிரைசா கூவெலியோட்டூ, எஸ்.ஜி.ஆர். 1806-20இன் சுழற்சி மெல்ல மெல்லக் குறைவதை அளந்து காட்டினார். அப்படித் தடை போடுவதற்கு அவ்வளவு பெரிய காந்தம் வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று எஸ்.ஜி.ஆர். 1900+14 சீறியது. 2004இல் வந்தது மூன்றாவது. மூன்றிலும் அதுவே பெரியது.

அதை ஆராய்ந்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. புனேக்கு வடக்கே கோடட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. சீற்றத்தின் பின் எழுந்த ரேடியோ ஒளிர்வை அதுவும் பின்தொடர்ந்தது. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையை எழுதியவர்களில் பூனம் சந்திரா, அலோக் ராய், ஹுப்பள்ளியில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி ஆகியோரும் உண்டு. விண்மீனிலிருந்து பொருள் பிய்த்துக்கொண்டு வெளியேறியது, அதுவும் ஒளியின் வேகத்தில் கால் பங்கு வேகத்தில் என்பது ரேடியோ ஆய்வுகளில்தான் தெரிந்தது.

தங்கத்தின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படிச் சிதறிய பொருளில் நியூட்ரான்கள் மிகுதி. சிறு அணுக்கருக்கள் அவற்றை மளமளவென விழுங்கித் தங்கம், பிளாட்டினம், யுரேனியம் என்று கனக்கின்றன. புதிதாகப் பிறந்த கதிரியக்க அணுக்கள் சிதையும்போது தனியொரு காமா ஒளி எழவேண்டும். ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் 2004லேயே, முதல் வீச்சு அடங்கிய பிறகு மெதுவாக எழுந்து மங்கிய இன்னொரு ஒளியைப் பதிவு செய்திருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் அனிருத் படேலும் அவரது குழுவும் தங்கள் கணக்கை அந்தப் பழைய பதிவோடு வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. பூமியின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கனமான தனிமங்கள் அந்த ஒரே சீற்றத்தில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள்.

எல்லாத் தங்கமும் இப்படி வந்தது என்று உன் தோழிகளிடம் சொல்லிவிடாதே. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போதும் இவை பிறக்கின்றன. 2017இல் அதை நேரிலேயே பார்த்தார்கள். நம் பால்வெளியில் இத்தகைய தனிமங்களில் பத்தில் ஒரு பங்கு வரை மேக்னடார் சீற்றங்கள் தந்திருக்கலாம் என்பதே படேல் குழுவின் மதிப்பீடு. அதைச் சோதிக்க இன்னொரு சீற்றம் வரவேண்டும். நாசா 2027இல் அனுப்பத் திட்டமிட்டிருக்கும் கோஸி என்ற காமா தொலைநோக்கி அதற்கு உதவும். நீ இயற்பியல் எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதாக உன் அம்மா சொன்னாள். எடுப்பதானால் பழைய பதிவுகளைப் புரட்டவும் சேர்த்துக் கற்றுக்கொள். விடை தெரியாத கேள்விகள் அங்கே இன்னும் நிறைய இருக்கின்றன.

ஆசிகளுடன்,
சித்தப்பா