ஐஸ் ஹவுஸில் ஒரு பெண்கள் விடுதி

சென்னைக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை அறியாதவர் குறைவு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்த கிடங்கு அது என்பதும், 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே 9 நாள் தங்கினார் என்பதும் பலர் அறிந்த செய்திதான். அதே கட்டடத்தில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு இளம் விதவைகளின் விடுதி நடந்தது என்று சொன்னால், "அப்படியா?" என்றுதான் கேட்பார்கள்.

கிடங்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர், அங்குள்ள ஏரிகள் உறைந்ததும் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் அவருக்குக் கிடங்குகள் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பது 1842 வாக்கில் எழுந்த சென்னைக் கிடங்கு மட்டும். ஊரிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் கப்பல் ஐஸுக்கு மவுசு போயிற்று. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, வட்டச் சுவரில் ஜன்னல்கள் திறந்து, தாழ்வாரங்கள் சேர்த்து வீடாக்கினார். நீதிபதி கெர்னனின் நினைவாக அதற்குக் 'காசில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். அவர் காலமான பிறகு வீடு ஏலத்துக்குப் போய், கை மாறி, 1917-இல் அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் சகோதரி சுப்புலட்சுமி வருகிறார். 1886-இல் பிறந்தவர், பதினொன்று பன்னிரண்டு வயதுக்குள் கல்யாணமும் வைதவ்யமும் இரண்டும் நேர்ந்துவிட்டன. அப்பா அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். கன்னிமாடப் பள்ளியில் படித்தபோது கன்னியாஸ்திரீகளின் சேவை மனதில் பதிந்தது. 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார். ஒரு பிராமண விதவை பட்டதாரியாவது சென்னை மாகாணத்தில் அதுவே முதல் தடவை. மறு வருஷம், எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே, நான்கு சிறுமிகளோடு விடுதியை ஆரம்பித்தார். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசாங்க உதவி கிடைக்க வழி செய்தார். பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதாமல் திருவல்லிக்கேணிக்குப் போய், கடைசியில் ஐஸ் ஹவுஸில் குடியேறினார்கள்.

அந்தக் கட்டடம் ஏன் பொருந்திற்று என்பதை அதன் முன்னால் நின்று பார்த்தால் விளங்கும். மற்ற விடுதிகளுக்கு எதிரே தெரு இருக்கும். இதற்கு எதிரே சாலை, மணல், கடல். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போன காலம் அது. பின்னாலிருக்கும் திருவல்லிக்கேணித் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் திண்ணை, ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு நாக்கு. ஐஸ் ஹவுஸுக்கு எதிர்வீடு கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்றுதான் வரும், வம்பு வராது. வெயில் நுழையக் கூடாதென்று எழுப்பிய பருத்த சுவர்களுக்குள், வீட்டில் வெளிச்சத்துக்கே வராத பெண்கள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

ஊரில் இருந்திருந்தால் அந்தச் சிறுமிகளின் நாள் எப்படிப் போயிருக்கும்? மழித்த தலை, நார்மடி, ஒரு வேளைச் சோறு, ஏகாதசிப் பட்டினி. கல்யாண வீட்டுப் பந்திக்கு வேலை செய்யலாம், பந்தலில் தலை காட்டக் கூடாது. விடுதியில் அவர்களுக்கு இருந்த வேலை வேறு: பாடம், பரீட்சை, அதற்கப்புறம் ஆசிரியை உத்தியோகம். சிலர் பக்கத்திலேயே, 1914-இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரிக்குப் போனார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதற்கும் சுப்புலட்சுமிதான் தலைவி. படித்து முடித்தவர்கள் மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பாரமாக எண்ணப்பட்டவள் மாதச் சம்பளக்காரியாகத் திரும்பி வந்தாள். அதைப் பார்த்த உறவுக்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்குமோ!

குறையும் உண்டு. விடுதியில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம். ஆசார அனுஷ்டானங்களும் கட்டுப்பாடாக நடந்தன. ஒரு சாதிக்கு மட்டும் அரசாங்கப் பணமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆசாரம் கெடும் என்று தெரிந்தால் எந்தத் தகப்பனும் பெண்ணை அனுப்பமாட்டான் என்பது சுப்புலட்சுமியின் பதில். உண்மைதான். ஆனால் கேள்வியும் நியாயமானதுதான். பதிலில் உண்மை இருப்பதால் அது அடிபட்டுப் போகாது. அடுக்களையில் சம்பிரதாயத்தோடு சமாதானம் செய்துகொண்ட அவர், வெளியே செய்துகொள்ளவில்லை. பெண்களின் திருமண வயதை உயர்த்துவது பற்றி விசாரித்த ஜோஷி குழு முன்னால் போய், பால்ய விவாகத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 1929-இல் வந்த சாரதா சட்டம் அந்த வயதை 14 ஆக்கியது. விடுதிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த வழக்கத்துக்கே வேட்டு வைக்கும் சட்டம் அது.

1941 வரை விதவையர் இல்லம் அங்கே நடந்தது. அப்புறமும் ஆசிரியப் பயிற்சி மாணவியர் தங்கினார்கள். விவேகானந்தர் நூற்றாண்டான 1963-இல் கட்டடத்தின் பெயர் விவேகானந்தர் இல்லம் என்று மாறியது; 1997-இல் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குப் போய், இன்று கண்காட்சியாக இருக்கிறது. சுப்புலட்சுமிக்கு 1958-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1969-இல் மறைந்தார்.

கட்டடத்துக்கு இரண்டு பெயர். ஒன்று அமெரிக்க ஐஸிலிருந்து வந்தது, இன்னொன்று 9 நாள் விருந்தாளியின் பெயர். அதிக காலம் குடியிருந்த பெண்கள் இரண்டிலும் இல்லை. சுப்புலட்சுமியின் வரலாறு புத்தகமாக வந்திருக்கிறது. அவரிடம் படித்த பெண்களில் பெரும்பாலோரின் கதை அவரவர் குடும்பத்து ஞாபகத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியோ பெரியத்தையோ "ஐஸ் ஹவுஸில் படித்தவள்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், பழைய பெட்டியில் இருக்கும் புகைப்படத்தையும் சான்றிதழையும் தேடி எடுங்கள். தெரிந்த பெயர்களைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.