இலுப்பைக்கடவைக்குப் போகும் வீதி

யாழ்ப்பாணத்தில் மன்னார் பஸ்ஸில் ஏறுபவர்கள் பூநகரி வருவதற்குள் நித்திரையாகி விடுவார்கள். காப்பெட் போட்ட வீதி, குலுக்கம் இல்லை. நானும் முதல் சில தடவைகள் அப்படித்தான் போனேன். இலுப்பைக்கடவைப் பெண்கள் குழுவொன்றின் சேமிப்புக் கூட்டத்துக்கு மாதம் ஒரு தடவை போகத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏ-32 வீதியைக் கண் விழித்துப் பார்த்தேன். பார்க்கப் பழக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

நாவற்குழியில் பிரிந்து கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, பள்ளமடு, விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோரமாக இறங்கி, மாந்தைப் பக்கம் மன்னார் வீதியைத் தொடுகிறது இது. போக ஒரு வாகனம், வர ஒரு வாகனம், அவ்வளவுதான் அகலம். ஒரு முனையில் பூநகரிக் கோட்டை. மறு முனையில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். பழைய வழிதான், ஆனால் என் வயதினர் பலருக்கு இது நீண்ட காலம் தேசப்படத்தில் மட்டும் இருந்த வீதி. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த காலத்தில் இதில் எந்தப் பஸ்ஸும் எங்கள் பக்கம் வந்ததில்லை.

இந்த வீதியில் ஒரு வேடிக்கை இருந்தது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் கடல்நீரேரி. அங்கே வீதி முடிந்துவிடும். வாகனத்தையும் ஆட்களையும் மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். அந்த மிதவைக்கு எங்கள் ஊர்களில் பெயர் ‘பாதை’. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். தெரு இல்லாத இடத்தில் ஓடுவதற்குப் பாதை என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனுசர்! 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு மன்னாருக்குப் போக வவுனியாவைச் சுற்ற வேண்டியதில்லை.

‘கடவை’ என்பதும் வீதிச் சொல்தான். கடக்கும் இடம் கடவை. ரயில் கடவை, பாதசாரிக் கடவை என்று நாளாந்தம் சொல்கிறோம். இலுப்பை நின்ற கடவை என்று ஊர்ப் பெயருக்குப் பொருள் சொன்னால் பிழையில்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே கடக்க வேண்டியவை நிறைய உண்டு. பறங்கியாறும் பாலியாறும் கிழக்கே வன்னிக் காட்டுக்குள் இருந்து வந்து, இந்த வீதியைக் குறுக்கறுத்துக் கடலுக்குப் போகின்றன. கோடையில் மணல். கார்த்திகை, மார்கழியில் மழை அடித்துப் பெய்தால் வெள்ளம் வீதிக்கே வந்துவிடும். ஆறுகள் தவிர, சின்னச் சின்ன நீரோட்டங்களுக்கு வீதி நெடுக மதகுகள்.

இந்த மதகுகளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2008 யூலையில் போர்முனை விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் கடந்தபோது, இந்தப் பக்கத்துச் சனங்கள் வடக்கே, பிறகு கிழக்கே என்று நகர்ந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபத்தையே வெள்ளாங்குளத்துக்குக் கிட்டிய தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஓகஸ்டில்தான் மாதா மடுவுக்குத் திரும்பினார். சனங்கள் திரும்ப இன்னும் காலம் எடுத்தது. செல் விழும்போது மதகுக்குள் ஒதுங்கினார்கள். மதகடியில் உலை வைத்தார்கள். அதனால் எங்கள் குழுப் பெண்களுக்கு ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. “அது மாமி காய்ச்சலாய்க் கிடந்த மதகு,” என்பார்கள். “அது பெட்டை பெரியபிள்ளையான மதகு,” என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களில் ஒரு அக்கா சிரிப்பதில்லை. வீட்டில் விட்டு வந்த நெல்லில் ஒரு மூட்டையாவது எடுத்து வாறேன் என்று அவருடைய கணவர் சைக்கிளில் திரும்பிப் போனது ஒரு மதகடியில் இருந்துதான். பக்கத்தில் பெரிய இலுப்பை மரம். “மரத்தடியை விட்டு அசையாதை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர், மிஸ். ஒண்டரை நாள் அசையேல்லை.” பிறகு பிள்ளைகளைக் கொண்டு நடந்தார். மெனிக் பாம் முகாம் வரைக்கும் போய், ஊருக்குத் திரும்பியும் விட்டார். கணவர் வரவில்லை.

காணாமல் போனவரைப் பற்றி ஒரு படிவம் நிரப்பும்போது, ‘கடைசியாகக் கண்ட இடம்’ என்ற கேள்விக்கு ‘ஏ-32 வீதி, இலுப்பை மரத்தடி’ என்று எழுதியிருக்கிறார். வாங்கியவர், அப்படியொரு இடம் இல்லை, சரியான இடம் எழுதுங்கள் என்று திருப்பிவிட்டார். அக்காவும் போய்ப் பார்த்திருக்கிறார். மரம் இல்லை. வீதி அகலமாகியிருந்தது. “எனக்குத்தான் மறந்துபோச்சோ எண்டு பயந்து போனன்,” என்றார். மறப்பதைக் குற்றம்போல நினைக்கிற எத்தனையோ பெண்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சமூகவியல் படித்த எனக்கு அன்று உதவியது பாடப்புத்தகம் அல்ல. குழுவிலிருந்த இன்னொருவர், வீதி வேலையில் கூலிக்கு நின்றவர், ஒரு விஷயம் சொன்னார். பிரதான வீதிகளில் பாலத்துக்கும் மதகுக்கும் இலக்கம் உண்டு. 12/3 என்று எழுதியிருந்தால் பன்னிரண்டாவது கிலோமீற்றர் கல்லைத் தாண்டி மூன்றாவது மதகு என்று அர்த்தம். மரத்தை வெட்டலாம், வீதியை அகட்டலாம், தண்ணீர் ஓடும் பள்ளம் எங்கே போகும்? பழைய மதகை இடித்தாலும் புதியதை அநேகமாக அதே இடத்தில்தான் கட்ட வேண்டும்.

ஒரு கூட்ட நாளில், வெயில் தாழ்ந்த பிறகு, ஆறு பேர் நடந்தோம். அக்கா ஆற்றுப் பாலத்தில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தார். லொறிகள் உரசிக்கொண்டு போகின்றன. வேகமான வீதிதான், நடப்பவளுக்கு ஓரம் வைக்க மறந்துவிட்டார்கள். நான்காவது மதகில் நின்றார். எதிர்ப்பக்கம், பற்றைக்குள், பாதி இடிந்த கிணற்றுக்கட்டு. “இதில்தான் பிள்ளையளுக்குத் தண்ணி அள்ளினனான்.” மதகின் ஓரத்து மண்ணைக் காலால் தட்டினோம். வேர் ஒன்று தெரிந்தது. இலுப்பைதானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இலக்கம் புழுதியில் மறைந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து வாசித்து, சேமிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். கிராம அலுவலர் பிரிவு, திகதி, கிணறு இருக்கும் பக்கம், கூட இருந்து பார்த்தவர்களின் கையெழுத்து எல்லாம் சேர்த்தோம். அக்கா இரண்டாம் முறை அந்தப் படிவத்தைக் கொடுத்தபோது, இடத்துக்கான கோட்டில் மதகின் இலக்கம் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு மதகடி இருந்தால், ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் இலக்கத்தை எழுதி வையுங்கள். மாரிக்கு முன்னர் போவது நல்லது, பிறகு பற்றை மூடிவிடும்.

அன்று பஸ் வர ஆறரை மணியாகிவிட்டது. ஏறி, யன்னல் பக்கம் இருந்து, வெள்ளாங்குளம் வரைக்கும் மதகுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு இருட்டிவிட்டது.