துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே





பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நம் மகன், காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பதைக் கண்டு ஒருநாள் கண்டித்தோம். அவன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "இசை கேட்டால் இதயத் துடிப்பின் மாறுபாடு கூடுகிறது வாப்பா; அது உடலுக்கு நல்லது" என்றான். மார்க்கத் தீர்ப்பைச் சொல்லி அவன் வாயை அடைக்க நமக்குத் தெரியும். ஆயினும், அவன் சொன்னதன் உண்மையை அறியாமல் மறுப்பது முறையன்று எனக் கருதிப் படிக்கத் தொடங்கினோம்.

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம், சரியாக வினாடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே மாறுபாடு என்கின்றனர். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் இயக்கத்தை அது காட்டுகிறது. மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறையும்போது அது மிகுகிறது.

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 24 பேருக்கு ஆறு வகை இசையைக் கேட்கச் செய்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். நம் நாட்டு ராகமும் அவற்றுள் ஒன்று. விரைவான இசை மூச்சையும் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. ஆனால் இடையே 2 நிமிடம் இசையை நிறுத்தியபோது, அவை தொடக்கத்தில் இருந்ததையும்விடத் தாழ்ந்தன! அதே பெர்னார்டி 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஜெபமாலை சொல்வோரின் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியது. கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு அருகே இடலாக்குடியில் வாழும் நமக்கு ஜெபமாலை புதிதன்று.

இவற்றை மகனிடம் எடுத்துரைத்தோம், வென்றுவிட்டதாகவே எண்ணினோம். அவன் மெல்லக் கேட்டான்: "அப்படியானால் வாப்பா, உங்கள் மதரஸாவில் சின்னப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஓதுகிறார்களே, அது ஏன்?"

நம்மிடம் விடையில்லை. ஒரு ஜுஸ்உவை விரைந்து முடிப்பவனைப் பாராட்டியதும், நிறுத்தி ஓதியவனை அதட்டியதும் நாமே. நிதானமாக, திருத்தமாக ஓதுமாறு முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பணிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வசனத்துக்கு வசனம் நிறுத்தி ஓதியதை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் பாடமாக நடத்திய நாம், அவற்றின்படி நடக்கவில்லை.

ஹலாலையும் ஹராமையும் கருவிகள் தீர்மானிப்பதில்லை. நாம் ஓதுவதும் துடிப்பைச் சீராக்குவதற்காக அன்று, இறைப்பொருத்தத்துக்காகவே. இசை குறித்து மகனோடு நடக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் மதரஸாவில் ஒரு மாற்றம் வந்துள்ளது. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் பிள்ளைகள் நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகே தொடர்கிறார்கள். பாடம் குறைவாகவே நகர்கிறது. ஓதியது நெஞ்சில் தங்குகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளால் நம்மைத் திருத்திக்கொள்ளும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.