கெக்கை ஆர் கழுவுறது?

சித்தியின் மகன் லண்டனில் படிக்கிறார். எனக்கு அண்ணா முறை. வார இறுதிகளில் ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை செய்கிறார். ஆலை என்றவுடன் பெரிசாக நினைக்காதேங்கோ. ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற வளைவு அறை ஒன்றுக்குள் நாலைந்து தாங்கி, ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். லண்டனில் பெர்மொண்ட்சி பக்கம் இப்படி ரயில் வளைவுகளுக்குள் வரிசையாக ஆலைகள் இருக்கின்றன. அண்ணா அங்கே பியர் காய்ச்சுவதில்லை. கெக் கழுவுகிறார்.

போன வருடம் அந்த ஆலை, கழுவித் திருப்பிப் பாவிக்கிற உருக்குக் கெக்குகளைப் பெரும்பாலும் நிப்பாட்டி, ஒருமுறை மட்டும் பாவிக்கிற பிளாஸ்ரிக் கெக்குக்கு மாறியது. அண்டைக்கு அண்ணா வட்ஸ்அப்பில் அனுப்பின குரல் பதிவில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: "பிள்ளை, முதுகு தப்பீட்டுது, ஆனா மணித்தியாலம் போச்சுது."

அந்த வசனம் எனக்குள் கன நாள் கிடந்தது. ஒரு பாத்திரத்தைக் கழுவுவதா எறிவதா என்ற கேள்விக்குள் இவ்வளவு விசயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கெக் என்றால் என்ன என்று சொல்லவேணும். மதுச்சாலைகளில் குழாயைத் திருக்கினால் பியர் வருகிறதல்லவா, அந்தக் குழாயின் மறுபக்கம் இருக்கிற பீப்பாய்தான் கெக். துருப்பிடிக்காத உருக்கால் செய்தது. ஐரோப்பாவில் 30 லீற்றர், 50 லீற்றர் அளவுகள் சாதாரணம். 50 லீற்றர் கெக் வெறுமையாகவே பத்துக் கிலோவுக்கு மேல். நிரப்பினால் 60 கிலோவைத் தாண்டும். நடுவில் ஒரு குழாய் அடிவரைக்கும் போகும். மேலே இருந்து காபனீரொட்சைட்டை அமுக்கத்தோடு விட்டால், அது பியரை அந்தக் குழாய் வழியாக மேலே தள்ளும்.

உருக்குக் கெக் இருபது, முப்பது வருடம் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது ஆலைக்குத் திரும்பி வரவேணும். வந்தால் மிஞ்சின பியரை ஊற்றி, எரிசோடாக் கரைசலால் கழுவி, அமிலத்தால் கழுவி, நீராவியால் கிருமி நீக்கி, உள்ளே இருக்கிற காற்றைக் காபனீரொட்சைட்டால் வெளியேற்றி, பிறகுதான் திரும்ப நிரப்பலாம். பெரிய ஆலைகளில் இதை இயந்திரம் வரிசையாகச் செய்யும். சின்ன ஆலைகளில் ஒன்றிரண்டு கெக்கை மாட்டக்கூடிய சின்னக் கருவியும் ஒரு ஆளும். அந்த ஆள் எங்கட அண்ணா. கையுறைக்குள்ளாலும் எரிசோடா எப்படியோ வந்துவிடும் என்று சொல்லுவார்.

இன்னொரு பிரச்சினை, ஒரு குழாய்க்கு ஒரு கெக் இருந்தால் காணாது. மதுச்சாலையில் ஒன்று, லொறியில் ஒன்று, கழுவுகிற இடத்தில் ஒன்று, நிரப்புகிற இடத்தில் ஒன்று என்று பார்த்தால், விற்கிற அளவைவிடப் பலமடங்கு கெக்குகளை முதலிலேயே வாங்கி வைத்திருக்கவேணும். அவ்வளவு காசு சின்ன ஆலையிடம் இல்லை. வாங்கினாலும் எல்லாம் திரும்பி வராது. ஆரோ ஒருத்தரின் பின்வளவில் அடுப்பாக மாறியிருக்கும், இல்லாட்டிப் பழைய இரும்புக் கடையில் நிறுக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் வெறும் கெக்கைத் திருப்பி எடுக்கிற கப்பல் கூலியே கட்டாது.

இந்த இடத்துக்குள்தான் ஒருமுறைக் கெக் வந்தது. நெதர்லாந்தில் செய்யப்படுகிற கீகெக் இதில் பெயர்பெற்றது. வெளியே பெற் பிளாஸ்ரிக் கோளம், அதாவது எங்கட சோடாப் போத்தில் செய்கிற அதே பிளாஸ்ரிக். உள்ளே ஒரு பை, பைக்குள் பியர். கோளத்துக்கும் பைக்கும் இடையில் அமுக்கிய காற்றை விட்டால் பை நசிந்து பியர் வெளியே வரும். காற்று பியரில் படாது, அதனால் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் இல்லாமலும் ஊற்றலாம். 10, 20, 30 லீற்றர் அளவுகளில் வருகிறது. வெறும் கெக்கை ஒரு விரலில் கொழுவித் தூக்கலாம். பை இல்லாமல் வெறும் பிளாஸ்ரிக் போத்தில் மாதிரி இருக்கிற வகைகளும் உண்டு.

விலை ஒரு உருக்குக் கெக்கின் விலையில் சிறு பங்குதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கவேணும். பிளாஸ்ரிக் ஊடாக ஒட்சிசன் மெல்ல மெல்ல உள்ளே போகும் என்பதால் பியரை உருக்கில் வைத்திருக்கிற அளவு காலம் வைத்திருக்க ஏலாது. முடிந்த பிறகு அமுக்கத்தை வெளியேற்றிவிட்டுத்தான் எறியலாம். இல்லாவிட்டால் ஆபத்து. பிளாஸ்ரிக்கை மீள்சுழற்சி செய்யலாம்தான், ஆனால் பல படைகளை ஒட்டிச் செய்த பையைப் பிரித்தெடுப்பது கஷ்டம். அந்த நிறுவனமே பழைய கெக்குகளைச் சேர்க்கிற திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் கெக் திரும்பி வரத் தேவையில்லை என்று சொல்லித்தான் முதலில் விற்றார்கள். இப்போது அதைத் திரும்ப எடுக்க இன்னொரு லொறி ஓடுகிறது.

ஆகக் கழுவுகிற வேலை காணாமல் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. முன்பு ஆலைக்குள் அண்ணா செய்ததை, இப்போது மதுச்சாலையில் அமுக்கம் இறக்குகிற பெடியனும், குப்பை எடுக்கிறவரும், மீள்சுழற்சிப் பட்டறையில் பை பிரிக்கிறவரும் பங்குபோட்டுச் செய்கிறார்கள். அவர்களின் சம்பளம் கெக்கின் விலையில் எழுதப்பட்டிருக்காது.

இதை வாசிக்க வாசிக்க எனக்கு அம்மப்பாவின் முட்டிதான் ஞாபகம் வந்தது.

எங்கட அம்மப்பா சீவல் தொழிலாளி. காலையும் மாலையும் தளைநார் போட்டுப் பனை ஏறி, பாளை சீவி, முட்டி கட்டி இறக்கினவர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை, என்ன குடிக்கப்போகிறோம் என்பதை முட்டிதான் தீர்மானிக்கிறது. முட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கிற மதுவம்தான் பதநீரை உடனேயே நொதிக்க வைக்கும். முட்டியை வடிவாகக் கழுவிக் காயவிடாவிட்டால் கள்ளு கெதியாகப் புளித்துவிடும். ஒவ்வொரு நாளும் முட்டி கழுவினது அம்மம்மா. அந்த வேலைக்கு ஒருத்தரும் அவவுக்குக் காசு கொடுத்ததில்லை. பிறகு கூட்டுறவுச் சங்கம் வந்து, சங்கத்தில் கள்ளு அளந்து கொடுத்தபோதும், கணக்குப் புத்தகத்தில் இருந்தது அம்மப்பாவின் பெயர்தான்.

எங்களிடமும் ஒருமுறைப் பாத்திரம் ஒன்று இருந்தது. பிளா. பனையோலையை மடக்கிக் கட்டுகிற அதே பிளா, ஒடியல் கூழ் குடிக்கிறதுக்கும் பாவிப்போம். குடித்துவிட்டு எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். சூழல் பற்றிக் கதைக்கிறவை இதைப் பெருமையாகச் சொல்லுவினம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அம்மம்மா வேறு ஒன்று சொன்னா: "கள்ளுக்குத் தீட்டில்லை பிள்ளை, பாத்திரத்துக்குத்தான் தீட்டு." அம்மப்பா தொட்டுச் சீவி இறக்கின கள்ளை ஊரில் எல்லாரும் குடித்தார்கள். அம்மப்பா குடித்த பாத்திரத்தில் குடிக்கமாட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் புதுப் பிளா என்றால் அந்தச் சிக்கலே இல்லை.

தேநீர்க்கடையில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களுக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் வெறும் போத்திலிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். மற்றவைக்குக் கிளாஸ். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் இது உடனே நிற்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலமும், அதற்குப் பின் தேநீர்க்கடைகளுக்கும் கோயில்களுக்கும் முன்னால் நடந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. மனிசர் உயிர் கொடுத்தது ஒரு கிளாசுக்காகவும்தான்.

சிரட்டையை ஏன் கொடுத்தார்கள்? எறியலாம் என்பதால். நாங்கள் வாய் வைத்ததை இன்னொருத்தர் தொட்டுக் கழுவத் தேவையில்லை என்பதால். லண்டன் ஆலையின் கெக்குக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அங்கே நடந்தது காசுக் கணக்கு, இங்கே நடந்தது சாதி. அதை இரண்டையும் ஒன்றாக்கினால் அது பொய். ஆனால் "எறியிற பாத்திரம்" என்ற சொல்லை வசதி என்று மட்டும் கேட்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

ஏனென்றால் இன்றைக்கும் பார்க்கிறேன். கிணறு இறைக்க வாறவருக்கு, மலசலகூடக் குழி எடுக்க வாறவருக்கு டிஸ்போசபிள் கப்பில் தேத்தண்ணி. அதே நேரம் வந்த மாமாவுக்குக் கிளாஸில். கேட்டால், "கழுவுறது கரைச்சல் பிள்ளை, அதுதான்" என்பார்கள். மாமாவின் கிளாஸைக் கழுவுவதில் மட்டும் என்ன கரைச்சல் இல்லாமல் போனது? 2023 ஒக்ரோபரில் ஒருமுறை பாவிக்கிற பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு இலங்கையில் தடை வந்தது. கடதாசிக் கப் கடைக்கு வந்தது. பொருள் மாறினது, ஆருக்கு எதில் கொடுப்பது என்பது மாறவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவ சும்மா தலையாட்டிவிட்டுப் போகவில்லை. "உனக்கென்ன, எழுதுவாய். டிஸ்போசபிள் வந்தாப் பிறகுதான் நான் விசேஷ வீட்டில ஆறுதலா இருந்து சாப்பிட்டனான். அதுக்கு முதல் பந்தி முடிய முடியப் பின்னுக்கு இருந்து கோப்பை கழுவினதுதான்" என்றா. அண்ணாவின் முதுகு மாதிரித்தான் அம்மாவின் கையும். சுற்றுச்சூழலுக்குக் கூடாது, கிளாஸையே பாவியுங்கோ என்று நான் சொல்லும்போது, கழுவப்போவது ஆர் என்பதையும் நான் சொல்லத்தான் வேணும். பெரும்பாலும் அது நானோ அம்மாவோ அல்லது கூலிக்கு வாற இன்னொரு அம்மாவோதான். தம்பி இல்லை.

அதனால் எனக்குத் தெரிகிற நியாயம் இது. தூர இடத்துக்கு, கடல் கடந்து போகிற கெக்குக்குப் பிளாஸ்ரிக் சரிதான். வெறும் உருக்கைக் கப்பலில் ஏற்றித் திருப்பி எடுப்பதில் அர்த்தமில்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கிற மதுச்சாலைக்கும் எறிகிற கெக்கைக் கொடுத்தால், அங்கே மிச்சம் பிடிக்கப்படுவது கழுவுகிறவரின் கூலி. அந்த ஆலை பக்கத்துக் கடைகளுக்காவது உருக்கை வைத்திருந்து, கழுவுகிறவருக்கு ஒழுங்கான கையுறையும், பாரம் தூக்கக் கருவியும், முழு மணித்தியாலமும் கொடுத்திருக்கலாம். கழுவுவது கேவலமான வேலை இல்லை. ஒரே ஆளை மட்டும் காசில்லாமல், பாதுகாப்பில்லாமல் கழுவ வைப்பதுதான் கேவலம்.

கம்பஸில் எங்கட பீடத்து ஒன்றுகூடல் அடுத்த மாதம் வருகிறது. டிஸ்போசபிள் வேண்டாம், கிளாஸ் வாடகைக்கு எடுப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் எல்லாருக்கும் சம்மதம். கழுவுகிறதுக்குப் பெயர் எழுதச் சொல்லித் தாளை விட்டேன். இதுவரை ஒன்பது பெயர், எட்டுப் பேர் பெண்கள். தாள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.