பூட்டின வளவு

திருநெல்வேலியில் எங்கட போர்டிங்கில இருந்து கம்பஸுக்கு நடந்து போக 10 நிமிசம். அதுக்குள்ள 9 பூட்டின வளவுகள். விரிவுரை நடக்காத ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். சிலதில் கூரையில்லாத வீடு, சிலதில் பனையும் பற்றையும் மட்டும். "சும்மா கிடக்குது" எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

பக்கத்து வளவு கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்தின்ர. சாவி எங்கட வீட்டுக்கார அன்ரியிட்ட. டெங்கு காலத்தில் பி.எச்.ஐ. வந்து துப்பரவாக்கச் சொல்ல, நாலு பேரும் மண்வெட்டியோட இறங்கினோம். சிரட்டை, யோகட் கப், பழைய டயர் எல்லாம் அள்ளி முடிய ஆசை வந்திட்டுது. கிணறும் இருக்குதுதானே, கத்தரியும் மிளகாயும் வைப்பமா? அன்ரி வைபரில் கேட்டா. "துப்பரவாக்கினது நல்லம். பயிர் ஒண்டும் வேண்டாம்" எண்டு பதில் வந்தது.

எங்களுக்குச் சரியான கோபம். வெளிநாட்டில இருந்துகொண்டு பற்றைக்குக் காவல் காக்கினம் எண்டு இரவிரவாகக் கதைச்சோம். (அந்தக் கதையில் பாதி இப்ப வெட்கமாக இருக்கு.)

அன்ரிதான் விளங்கப்படுத்தினா. அந்தக் குடும்பம் 1995 இடப்பெயர்வோட வெளிக்கிட்டது. அடுத்தவரின் காணியை, அவருடைய அனுமதியில்லாமல், இடையூறின்றி 10 வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். போரால் தங்கட காணிக்கு உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்ப அவையின்ர பயத்தில் நியாயம் இருக்கு. அனுமதியோட பாவிச்சால் அந்த உரிமை வராது, எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இருந்தால் நல்லம் எண்டு சட்டம் படிக்கிற அக்கா ஒருவர் பிறகு சொன்னா.

பிறகு கார்த்திகை மழை வந்தது. முன்னால் ஒரு வளவை வாகனம் விட எண்டு முழுக்கச் சீமெந்து போட்டிருந்தார்கள். அதில் விழுந்த தண்ணி அப்படியே ரோட்டுக்கு வந்து, எங்கட கேற்றைத் தாண்டி, குந்தில் கழற்றி வைத்த செருப்புகளைக் கொண்டுபோனது. பக்கத்துப் பூட்டின வளவிலும் வெள்ளம் நின்றதுதான். ஆனால் இரண்டு நாளில் நிலம் குடிச்சிட்டுது. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத ஊர் இது. மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கினால்தான் கிணற்றில் தண்ணி. நாங்கள் "சும்மா" எண்டு சொன்ன காணிதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வெறுங்காணி எண்டால் கடைத்தொகுதி, இல்லாட்டி வாகனத் தரிப்பிடம் எண்டுதான் நகரத் திட்டம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு முதலில் தோன்றுகிறது. எங்களுக்கும் கத்தரிதானே தோன்றியது. பாவிக்கவே கூடாது எண்டு இப்பவும் நாங்கள் நினைக்கேல்லை. எந்தப் பக்கம் தண்ணி இறங்குது எண்டு பார்த்துப் பாவிக்கலாம்.

தைப்பொங்கல் முடிய அன்ரியோட இருந்து ஒரு கடிதம் எழுதினோம். ஒரு வருடத்துக்கு மட்டும். மதிலோரம் நாலு பாத்தி. பள்ளமான கிழக்குப் பக்கம் அப்படியே விடப்படும். சீமெந்து இல்லை, கொட்டில் இல்லை, கேட்ட உடனே திருப்பித் தருவோம். கீழே நாலு பேரின் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும்.

படம் எடுத்து அனுப்பியாச்சு. பார்த்திட்டினம் எண்டு வைபர் காட்டுது. பதில் இன்னும் வரேல்லை.